ஹோட்டலில் செலுத்திய டெபாசிட் இன்னும் திரும்பவில்லை: கூடுதல் கட்டணம், அறை மேம்பாடு குறித்தும் விளக்கம் தேவை

கேள்வி: வழிநடை

வணக்கம். பத்து நாள்களுக்கு முன்பு என் பெற்றோரை அழைத்துக்கொண்டு வெளியூர்ப் பயணம் ஒன்று சென்று திரும்பினேன். மூன்று இரவுகளுக்கான வாடகையை முன்பதிவு செய்த இணையதளத்திலேயே முழுமையாகச் செலுத்திவிட்டதால், ஹோட்டலில் வேறு எதுவும் கொடுக்க வேண்டியிருக்காது என்று நம்பியிருந்தேன். ஆனால் செக்-இன் செய்யும்போது டெபாசிட் வேண்டும் என்று கேட்டு என் டெபிட் அட்டையை வாங்கித் தேய்த்தார்கள். வங்கிக் கணக்கின் இருப்பு அப்போதே குறைந்துவிட்டது. புறப்படும் நாளில், அறையில் எடுத்துக்கொண்ட சிலவற்றுக்கான தொகையை ரொக்கமாகக் கொடுத்து ரசீது பெற்றேன். டெபாசிட் இன்றுவரை கணக்கிற்கு வரவில்லை. ஹோட்டலில் கேட்டால், "நாங்கள் விடுவித்துவிட்டோம், வங்கியைக் கேளுங்கள்" என்கிறார்கள். வங்கியில் கேட்டால், "வணிகரிடமிருந்து எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை" என்கிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களும் என்னை உறுத்துகின்றன. முன்பதிவுச் சீட்டில் சிறிய எழுத்தில் மட்டுமே இருந்த "வசதிக் கட்டணம்" ஒன்றை ஒவ்வோர் இரவுக்கும் தனியாக வசூலித்தார்கள். அத்துடன், வரவேற்பு மேசையில் இருந்தவர் "இதைவிட நல்ல அறை ஒன்று இருக்கிறது, தரட்டுமா?" என்று கனிவாகக் கேட்டபோது, பெற்றோருக்கு வசதியாக இருக்குமே என்று சரி என்றேன். அது இலவசமன்று என்பது பில்லைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அடுத்த மாதம் மீண்டும் அவர்களை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் பொறுமையுடன் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: முன்மேசை

ஹோட்டல் ஒன்றின் வரவேற்புப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் டெபாசிட் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் கவலையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

அறை வாடகை வேறு, டெபாசிட் வேறு. வாடகை முன்கூட்டியே வந்துவிட்டாலும், விருந்தினர் அறையில் பயன்படுத்தக்கூடியவற்றுக்கும் ஏற்படக்கூடிய சேதத்துக்கும் ஓர் ஈடு வேண்டும் என்பதற்காகவே ஹோட்டல் இந்தத் தொகையைக் கேட்கிறது. அட்டையில் இதைச் செய்யும்போது பெரும்பாலும் பணம் ஹோட்டலின் கணக்கிற்குப் போவதே இல்லை. "இந்த அளவு தொகையை ஒதுக்கி வையுங்கள்" என்று ஹோட்டல் வங்கியிடம் ஒப்புதல் கேட்கிறது. வங்கி ஒப்புக்கொண்டு அந்தத் தொகையைத் தொட முடியாதபடி பிடித்து வைக்கிறது. கடன் அட்டையாக இருந்தால் உங்கள் கடன் வரம்பில் அந்த அளவு குறைந்து காட்டும், அவ்வளவுதான். டெபிட் அட்டையாக இருந்தால் உங்கள் சொந்தப் பணமே முடங்கிவிடும். செக்-இன் செய்தவுடன் உங்கள் இருப்பு குறைந்ததற்கு இதுதான் காரணம். ஆகவே, முடிந்தவரை டெபாசிட்டுக்குக் கடன் அட்டையைத்தான் கொடுங்கள். அது இல்லாதவர்கள் ரொக்கமாக ஏற்பார்களா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ஏற்றால், திருப்பித் தருவதாகக் குறிப்பிடும் ரசீது இல்லாமல் மேசையை விட்டு நகராதீர்கள்.

இனி, உங்கள் பணம் ஏன் இன்னும் வரவில்லை என்பதற்கு வருகிறேன். இறுதிப் பில்லை அதே அட்டையில் செலுத்தியிருந்தால், ஹோட்டல் அந்தப் பழைய ஒப்புதலையே பயன்படுத்திப் பில் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை விடுவித்திருக்கும். நீங்கள் ரொக்கமாகக் கொடுத்ததால் அந்த ஒப்புதல் யாரும் கணக்கு முடிக்காத ஒன்றாகத் தனித்து நின்றுவிட்டது. ஹோட்டல் அதற்கென்று தனியாக ரத்து அறிவிப்பு அனுப்ப வேண்டும். அனுப்பத் தவறினாலோ, அனுப்பியது வங்கியின் பதிவோடு பொருந்தாமல் போனாலோ, ஒப்புதலின் காலக்கெடு முடியும்வரை பணம் முடங்கியே கிடக்கும். மாஸ்டர்கார்டு விதிகளின்படி இத்தகைய முன்னொப்புதல் 30 நாள் வரை செல்லுபடியாகலாம். அதற்கு முன்பே தாமாக விடுவித்துவிடும் வங்கிகளும் உண்டு. வேறு அட்டையில் பில்லைச் செலுத்தும் பலருக்கும் இதே நிலைதான் ஏற்படுகிறது. "டெபாசிட் கொடுத்த அட்டையிலேயே கணக்கை முடித்துவிடுங்கள்" என்று புறப்படும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது. அதைச் சொல்ல வேண்டிய கடமை ஹோட்டலுக்குத்தான் அதிகம் என்பதையும் நான் உறுதியாகச் சொல்வேன்.

கேட்கும் தொகையும் ஒரே மாதிரி இருக்காது. சில இடங்களில் தங்கும் காலம் முழுமைக்கும் ஒரு தொகை, சில இடங்களில் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு தொகை. ஓர் இரவுக்கு 50 என்று வைத்துக்கொண்டால், ஐந்து இரவுகளுக்கு 250 முடங்கும். "எவ்வளவு, எத்தனை இரவுகளுக்கு, எப்போது விடுவிப்பீர்கள்" என்ற மூன்றையும் அட்டையை நீட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

மறுமொழி 2: கணக்குநோக்கி

கூடுதல் கட்டணங்களைப் பற்றி என் அனுபவத்தைச் சேர்க்கிறேன். "வசதிக் கட்டணம்", "ரிசார்ட் கட்டணம்" என்று எந்தப் பெயரில் வந்தாலும், நீச்சல் குளத்தையோ வைஃபையையோ நாம் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கட்டாயம் கொடுக்க வேண்டியதாக இருந்தால், அது உண்மையில் வாடகையின் ஒரு பகுதியே. முதலில் காட்டும் விலையைக் குறைவாகக் காட்ட அதைப் பிரித்து வைக்கிறார்கள் என்பதே என் கருத்து. அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையம் கொண்டுவந்த விதி 2025 மே 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. தங்குமிடங்கள் விளம்பரப்படுத்தும் மொத்த விலையில் இத்தகைய கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே காட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் கட்டணம் வசூலிக்கவே கூடாது என்று அது தடுக்கவில்லை. அரசு வரிகளை மொத்தத்திலிருந்து விலக்கி வைக்கவும் இடமளிக்கிறது.

வரியும் இதோடு குழப்பிக்கொள்ளப்படும் ஒன்று. பல ஐரோப்பிய நகரங்களில் சுற்றுலா வரியை ஹோட்டலிலேயே தனியாக வாங்குகிறார்கள். பெரும்பாலும் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அது வாடகையில் 12.5 விழுக்காடு. இதில் ஹோட்டலோடு வாதாடிப் பயனில்லை, அது அரசுக்குப் போகும் பணம். முன்பதிவுச் சீட்டில் "தங்குமிடத்தில் செலுத்த வேண்டியவை" என்ற பகுதியைத் தேடிப் படித்து, அதையும் வாடகையோடு கூட்டிய பிறகுதான் இரண்டு ஹோட்டல்களின் விலையை ஒப்பிட வேண்டும்.

விற்பனைக்கான பானங்களும் தின்பண்டங்களும் அடுக்கி அறையில் வைத்திருக்கும் சிறு குளிர்பெட்டியான மினிபார் பற்றி ஓர் எச்சரிக்கை. சில ஹோட்டல்களில் பொருளை எடுத்தவுடன் பதிவாகும் உணர்கருவி பொருத்தியிருப்பார்கள். என் மகளின் மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க நான் இரண்டு புட்டிகளைச் சற்று நகர்த்தியதற்கே பில் வந்தது. சொன்னவுடன் நீக்கிவிட்டார்கள் என்றாலும், பில்லை வரி வரியாகப் படிக்காமல் இருந்திருந்தால் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். வெளிநாட்டில் அட்டையைத் தேய்க்கும்போது "உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா" என்று கேட்டால், வேண்டாம், உள்ளூர் நாணயத்திலேயே எடுங்கள் என்று சொல்லுங்கள். அந்த வசதிக்கான மாற்று விகிதத்தில் பெரும்பாலும் கூடுதல் தொகை சேர்ந்திருக்கும்.

வழிநடை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ரொக்கமாகக் கொடுத்ததே சிக்கலுக்குக் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அறை மேம்பாடு குறித்தும் யாராவது சொல்ல முடியுமா? இலவசமாகக் கிடைப்பதும் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மறுமொழி 3: மேல்தளம்

உண்டு, ஆனால் அது கருணையால் கிடைப்பதன்று. குறைந்த விலை அறைகள் இருப்பதைவிட அதிகமாக விற்றுப்போயிருந்தால், அந்த வகையில் பதிவு செய்த சிலரை மேல் வகைக்கு மாற்றியாக வேண்டும். அப்போது ஹோட்டலின் உறுப்பினர் திட்டத்தில் உயர்நிலையில் இருப்பவர்களுக்கே பெரும்பாலும் முதல் வாய்ப்பு. இடைத்தரகு இணையதளங்கள் வழியே வந்தவர்கள் பொதுவாக வரிசையின் கடைசியில் இருப்பார்கள். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய நாள் மாலைக்குள் ஹோட்டலைத் தொடர்புகொண்டு, முதியவர்கள் வருகிறார்கள், மின்தூக்கிக்கு அருகில் அறை கிடைத்தால் நல்லது என்று குறிப்பாகக் கேட்டால், மேல் வகை கிடைக்காவிட்டாலும் தேவைக்கு ஏற்ற அறை கிடைக்கும் வாய்ப்பு கூடும். என் பெற்றோர் விஷயத்தில் பெரிய அறையைவிட இதுவே பயன்பட்டது.

வரவேற்பு மேசையில் கேட்கப்படும் "நல்ல அறை தரட்டுமா" என்பது பெரும்பாலும் விற்பனை. "கூடுதல் தொகை உண்டா? இரவுக்கா, மொத்தத்துக்கா? வரி சேர்த்தா?" என்று கேட்டு, சொன்ன தொகையை, செக்-இன் செய்யும்போது நிரப்பித் தரும் பதிவுப் படிவத்தில் எழுதிக் கொடுத்த பிறகே கையெழுத்திடுங்கள். ஓர் இரவுக்கு 20 என்று காதில் விழுவது, மூன்று இரவுகளுக்கு வரியோடு 60-ஐத் தாண்டிவிடும். எந்த வகையில் அது "நல்ல" அறை என்பதையும் கேளுங்கள். அதே அளவு அறை நான்கு மாடி மேலே இருப்பதையும் சில இடங்களில் மேம்பாடு என்பார்கள். காலை உணவு சேர்ந்ததா என்பது நீங்கள் பதிவு செய்த கட்டணத் திட்டத்தைப் பொறுத்தது. அறை மாறினால் அதுவும் கூடவே வரும் என்று எண்ண வேண்டாம்.

மறுமொழி 4: முன்மேசை

உங்கள் டெபாசிட்டை மீட்க ஒரு வழி சொல்ல மறந்துவிட்டேன். அந்த ஒப்புதலுக்கு வங்கி கொடுத்த ஒப்புதல் எண் ஹோட்டலின் பதிவில் இருக்கும். அந்த எண், தொகை, தேதி, அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, "இந்தத் தொகை எங்களுக்கு வேண்டியதில்லை, விடுவிக்கவும்" என்ற கடிதத்தை ஹோட்டலின் கணக்குப் பிரிவிடம் கேட்டு வாங்கி வங்கிக்கு அனுப்புங்கள். வரவேற்பு மேசையில் இருப்பவரால் பெரும்பாலும் இதைத் தர இயலாது. கணக்குப் பிரிவின் மின்னஞ்சலைக் கேட்டுப் பெறுங்கள். பிடித்து வைத்த நிலையில் இருக்கும் தொகையின் மீது வங்கிகள் பொதுவாகத் தகராறு மனுவை ஏற்பதில்லை. ஆனால் அது ஒருநாள் உண்மையான செலவாகக் கணக்கில் பதிவானால் உடனே மனு கொடுங்கள். ரொக்கம் கொடுத்ததற்கான அந்த ரசீதை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.