அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போது முத்திரை குத்தவில்லை. நான் ஊர் திரும்பியது அவர்களுக்குத் தெரியுமா?

தேவிபட்டினம் டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். மகளின் பிரசவத்துக்காக 2024 மார்ச் 11 அன்று நியூஜெர்சி போனேன். பி-2 என்னும் வருகையாளர் விசா, 2033 வரை இருக்கிறது. போய் இறங்கியதும் அதிகாரி முத்திரை குத்தி, பேனாவால் செப்டம்பர் 10 என்று எழுதிக் கொடுத்தார். செப்டம்பர் 2-ஆம் தேதியே கிளம்பிவிட்டேன். ஆனால் கிளம்பும்போது யாரும் பாஸ்போர்ட்டில் எதுவும் குத்தவில்லை. இமிகிரேஷன் கவுண்டரே கண்ணில் படவில்லை. பையைச் சோதித்தார்கள், விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். சென்னையில் இறங்கியபோதுதான் ஒரு முத்திரை விழுந்தது.

மே மாதம் மகளுக்கு இரண்டாவது பிரசவம். டிக்கெட் கேட்கப் போனால் ராமநாதபுரத்துக் கடைத் தம்பி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "வெளியே வந்த சீல் இல்லையே டீச்சர், நீங்க இன்னும் அங்கேயே இருக்கிறதாத்தான் அவங்க கணக்குல இருக்கும்" என்கிறார். அன்றிலிருந்து தூக்கமில்லை. முப்பத்தொரு வருஷம் வருகைப் பதிவேடு எழுதியவள் நான். சொன்ன தேதிக்கு எட்டு நாள் முன்பே வந்தும் என் பெயர் கெட்டுவிடுமா? விசா 2033 வரை இருப்பதால் அதுவரை அங்கே தங்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அதுவும் சரியா?

பாம்பன் கரை:
டீச்சர், எனக்கு அமெரிக்கா தெரியாது. ஆனா எங்க படகு கடலுக்குப் போகணும்னா மீன்துறையில டோக்கன் வாங்கணும். எந்தப் படகு போயிருக்குன்னு அந்தக் கணக்கு சொல்லும், எங்க கையில யாரும் சீல் குத்துறதில்ல. அதுபோல ஏதாவது இருக்கும். விவரம் தெரிஞ்சவங்க வருவாங்க, பயப்படாதீங்க.

கீழக்கரை காக்கா:
டீச்சர், துபாய் ஏர்போர்ட்டில் செக்-இன் கவுண்டரில் 19 வருஷம் உட்கார்ந்தவன் நான். பாம்பன் தம்பி சொன்னது ரொம்பச் சரி, சீல் இல்லைன்னாலும் கணக்கு இருக்கு.

அமெரிக்காவில் வெளியே போறவங்களுக்குன்னு இமிகிரேஷன் கவுண்டரே கிடையாது. அந்த வேலையை விமானக் கம்பெனிதான் செய்யுது. கவுண்டரில் உங்க பாஸ்போர்ட்டை மிஷினில் தேய்ச்சாங்களே, அப்போ பேர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் பயணிகள் பட்டியலில் ஏறி அமெரிக்க அரசுக்குப் போயிடும். நீங்க உள்ளே வந்தப்போ ஐ-94னு ஒரு பதிவு திறந்தாங்க. 2013 வரை அது பாஸ்போர்ட்டில் செருகித் தர்ற வெள்ளைச் சீட்டு, திரும்பும்போது கொடுத்துட்டு வரணும். இப்போ விமானத்தில் போறவங்களுக்குக் கம்ப்யூட்டரில்தான். கிளம்பின பட்டியலை அந்தப் பதிவோட சேர்த்தா கணக்கு முடியும். கனடாவுக்குள் தரைவழியாப் போனாலும், அங்கே நுழைஞ்ச விவரத்தை கனடாவே இவங்களுக்குத் தந்துடும். 2025 டிசம்பர் 26 முதல் வெளிநாட்டவர் கிளம்பும்போதும் போட்டோ எடுக்கலாம்னு விதி வந்திருக்கு. அதனால இந்தத் தடவை கேட்டில் கேமரா முன்னால நிறுத்தினா பதறாதீங்க.

பக்கத்து வீட்டில் சொன்னதை தயவுசெய்து நம்பாதீங்க. 2033 என்பது வாசலைத் தட்ட உங்களுக்கு இருக்கிற கெடு. உள்ளே எத்தனை நாள்னு சொல்றது ஐ-94 தேதிதான். அதைத் தாண்டி ஒரு நாள் இருந்தாலும் அந்த விசா செத்துடும். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமா இருந்துட்டுக் கிளம்பினா 3 வருஷம், ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ இருந்தா 10 வருஷம் உள்ளே விடமாட்டாங்க. கூடுதல் நாள் வேணும்னா அந்த ஐ-94 தேதி முடியறதுக்குள்ள அங்கிருந்தே மனுப் போடணும்.

இனிமே சொல்றதுதான் நம்ம ஊர்க்காரங்க கவனிக்க வேண்டியது. பேர்! உங்க பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர்தானே, குடும்பப் பேர் கட்டம் காலியாத்தானே இருக்கு? அப்படின்னா அமெரிக்க விசாவில் உங்க பேரைக் குடும்பப் பேரா நகர்த்தி, முதல் பேர் இடத்தில் 'எஃப்என்யு' (FNU)ன்னு போட்டிருப்பாங்க. முதல் பேர் தெரியலைன்னு அதுக்கு அர்த்தம். டிக்கெட் போடுறவர் ஒருத்தர் பேரையே ரெண்டு தடவை அடிப்பார், இன்னொருத்தர் அத்தா (அப்பா) பேரைச் சேர்ப்பார். இந்த ஒற்றைப் பேரால துபாய் பக்கமும் 2022 நவம்பரில் பெரிய பாடு, விசிட் விசாக்காரங்களை ஏத்தவே கூடாதுன்னு உத்தரவு. அப்புறம் பாஸ்போர்ட்டில் அத்தா பேர் இருந்தாப் போதும்னாங்க. அதுக்குள்ள என் கவுண்டரிலிருந்தே எத்தனை பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது, அந்த முகங்கள் இன்னும் மறக்கலை.

எங்க லாத்தா (அக்கா) கதை இது. மகன்கிட்ட போனவங்க அங்கேயே புது பாஸ்போர்ட் எடுத்தாங்க. உள்ளே போனது பழைய நம்பர், வெளியே வந்தது புது நம்பர், டிக்கெட்டிலும் பேர் வேற மாதிரி. ரெண்டு வருஷம் கழிச்சுப் போனப்போ தனி அறையில் மூணு மணி நேரம் உட்கார வெச்சுட்டாங்க. முன்னாடி வெளியே போன பதிவு சேரவே இல்லை. கடைசியில் காப்பாத்தினது பாஸ்போர்ட்டில் இருந்த சென்னை வருகை சீலும், பர்ஸில் மடிச்சு வெச்சிருந்த போர்டிங் பாஸும்தான்.

அமெரிக்க அரசோட ஐ-94 இணையதளத்தில் உங்க பயணப் பதிவை நீங்களே பார்க்கலாம். காசு கிடையாது. காசு கேட்டா அது வேற யாரோ நடத்துற தளம், வெளியே வந்துடுங்க. முதல் பேர் கட்டத்தில் எஃப்என்யுன்னு அடிங்க, இல்லைன்னா பதிவே இல்லைன்னு காட்டிடும்.

பெரியபட்டினம் 78:
இடையில் ஒன்று. மலேசியா போகிறவர்களும் கவனியுங்கள். இந்தியருக்கு விசா இல்லாமல் 30 நாள்தான். அங்கே விரல்ரேகை எடுக்கிறார்கள், நாள் தாண்டினால் மறைக்க முடியாது. என் மச்சான் 30 நாளை ஒரு மாதம் என்று நினைத்து 31-ஆம் நாள் டிக்கெட் போட்டிருந்தான். நல்லவேளை, கிளம்பும் முன்பே பார்த்து மாற்றினோம்.

தேவிபட்டினம் டீச்சர்:
காக்கா, நீங்கள் சொன்னபடியே பேரன் முறையாக உள்ள பையனை உட்காரவைத்துப் பார்த்தேன். முதலில் பதிவு இல்லை என்றுதான் வந்தது, உயிரே போய்விட்டது. எஃப்என்யு அடித்ததும் இரண்டு வரி வந்தது. வருகை 2024-03-11. புறப்பாடு 2024-09-02. அச்செடுத்து பாஸ்போர்ட்டோடு வைத்துவிட்டேன். பழைய போர்டிங் பாஸும் ராமாயணப் புத்தகத்துக்குள் அடையாளமாக இருந்தது, கிடைத்துவிட்டது. இப்போது புது டிக்கெட்டில் பெயரை எப்படிப் போடச் சொல்ல?

கீழக்கரை காக்கா:
அல்ஹம்துலில்லாஹ். விசாவில் இருக்கிற மாதிரியே, எழுத்துக்கு எழுத்து. ஒற்றைப் பேரை அந்த விமானக் கம்பெனி எப்படி ஏத்தும்னு காசு கட்டறதுக்கு முன்னாடியே கேட்கச் சொல்லுங்க. கடைத் தம்பி தர்ற காகிதத்தில் பேர் வரியை மட்டும் போட்டோ எடுத்து எனக்குத் தனியா அனுப்புங்க டீச்சர், பாஸ்போர்ட் நம்பரை விரலால மறைச்சுட்டு. பார்த்துச் சொல்றேன்.