அவசரம்: ஹார்ட் டிஸ்கில் உள்ள கல்யாணப் படம் ஒன்றுகூடத் திறக்கவில்லை

படப்பெட்டி_பட்டர்வொர்த் · ஞாயிறு, காலை 7:48

வணக்கம். கல்யாணப் படம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. நேற்று மாலை வரை நன்றாக இருந்தது. ஆல்பம் அடுத்த சனிக்கிழமை கொடுக்க வேண்டும், பெண் வீட்டார் முழுப் பணமும் கொடுத்துவிட்டார்கள். டிஸ்க் போய்விட்டதா? பினாங்குப் பக்கம் யார் சரி செய்வார்கள்? சீக்கிரம் சொல்லுங்கள்.

சுங்கைப்பட்டாணித்_தம்பி · 7:55

அண்ணே, டிஸ்கில் டிக் டிக் என்று சத்தம் வருகிறதா? எனக்கும் இப்படித்தான் ஆனது, டிஸ்க் சாகப் போகிறது என்று அர்த்தம். டிஸ்கில் பிழை தேடும் விண்டோஸ் கருவி செக்டிஸ்க், அதை ஓட்டிப் பாருங்கள்.

செந்தூல்_மல்லிகை · 8:01

தம்பி, என்ன கோளாறு என்று தெரிவதற்குள் செக்டிஸ்க் வேண்டாம். பிழையைத் திருத்தச் சொன்னால் அது டிஸ்கில் எழுதும், இருப்பதும் கலைந்து போகலாம்.

படப்பெட்டி, சில விஷயங்கள் சொல்லுங்கள். எந்த விண்டோஸ்? படத்தைத் திறந்தால் என்ன சொல்கிறது? கல்யாணப் படம் மட்டும்தானா, மற்றக் கோப்புகளுமா? கோப்பின் பெயர் பழைய மாதிரியே இருக்கிறதா?

உபுண்டு_உலகம் · 8:09

விண்டோஸ் 10 ஆகத்தான் இருக்கும். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இலேயே முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே இருந்தால் இப்படித்தான் வரும். லினக்ஸ் போடுங்கள், எல்லாத் தொல்லையும் தீரும்.

பழைய_மதர்போர்டு · 8:15

"திறக்கவில்லை" என்றால் நான் என்ன மந்திரம் போட்டா கண்டுபிடிப்பது? 22 வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பீர்களா? ஸ்கிரீன்ஷாட் போடுங்கள். கேள்வி கேட்கத் தெரிந்தால் பாதிப் பதில் கிடைத்த மாதிரி.

படப்பெட்டி_பட்டர்வொர்த் · 8:41

மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். விண்டோஸ் 11. எல்லாப் படத்தின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து புதிதாக ஒட்டியிருக்கிறது, படிக்கவே முடியாத எழுத்துகள். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரீட்மீ என்று ஒரு குறிப்பு. 980 டாலர் கேட்கிறது, 72 மணி நேரத்துக்குள் எழுதினால் 490 டாலராம். இது வைரஸா? வைரஸ் எடுக்கும் மென்பொருள் இறக்கலாம் என்று பார்த்தால் அந்தத் தளம் எதுவுமே திறக்கவில்லை. யூடியூப் மட்டும் நன்றாக வருகிறது. நேற்று இரவு விண்டோஸ் அப்டேட் ஓடுகிறது என்று ஒரு திரை வந்தது, அதனாலா?

ஜெலுத்தோங்_வாசி · 8:47

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை அணைத்தால் போதாது, வீட்டு மோடத்தையே பிடுங்கிவிடுங்கள். வெளி டிஸ்க் செருகியிருந்தால் அதையும் கழற்றுங்கள். எதையும் அழிக்க வேண்டாம், ஃபார்மேட் வேண்டாம், பணமும் அனுப்ப வேண்டாம். மற்றதைக் கைப்பேசியிலிருந்து பேசுவோம்.

நீங்கள் சொன்ன நான்கையும் சேர்த்துப் பார்த்தால் இது ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் சொல்லப்படும் ரேன்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் மென்பொருள். 980, 490 என்ற அந்தக் கணக்கு அதன் குறிப்பில் அப்படியே இருக்கும். நீங்கள் பார்த்த அப்டேட் திரை உண்மையான அப்டேட் அல்ல. படங்களைப் பூட்டி முடிக்கும் வரை நீங்கள் கணினியை அணைத்துவிடக் கூடாது என்று அதுவே காட்டிய திரை. பாதுகாப்புத் தளங்கள் திறக்காததும் அதன் வேலைதான். விண்டோஸில் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு கோப்பு உண்டு, எந்தத் தளத்தின் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பதை அதில் எழுதி வைக்கலாம். இது அதில் வரிசையாகப் பாதுகாப்புத் தளங்களின் பெயரை எழுதிப் போகாத வழிக்குத் திருப்பிவிடும். யூடியூப் அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் வருகிறது.

இப்போது மூன்று கேள்வி. நேற்று புதிதாக ஏதாவது மென்பொருள் இறக்கினீர்களா? வெளி டிஸ்கில் இன்னொரு பிரதி இருந்ததா? கேமராவின் கார்டுகளை அழித்துவிட்டீர்களா?

பழைய_மதர்போர்டு · 8:58

நேற்று கிராக் மென்பொருள், அதாவது காசு கட்டாமல் ஓட உரிமப் பூட்டை உடைத்த பிரதி, போட்டிருப்பார். சொல்ல வெட்கம், அதனால் மறைக்கிறார். இந்த ரேன்சம்வேர் பெரும்பாலும் அந்த வழியில்தான் வரும்.

இன்னொன்று. எல்லாவற்றையும் வைரஸ் என்று சொல்லாதீர்கள். வைரஸ் இன்னொரு கோப்புக்குள் ஒட்டிக்கொண்டு பரவும். புழு தானாகவே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். டிரோஜன் நல்ல மென்பொருள் வேடத்தில் வரும், கதவைத் திறந்துவிடுவது நாம்தான். பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரிய வேண்டிய வித்தியாசம் இது.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா · 9:04

ஐயா, அவர் வீடு பற்றி எரிகிறது. நீங்கள் அவருக்குச் சொல்லகராதி நடத்துகிறீர்கள். கொஞ்சம் அன்பாகச் சொன்னால் என்ன?

பழைய_மதர்போர்டு · 9:16

அன்பு வேறு, தெளிவு வேறு. பெயர் ஏன் முக்கியம் என்று கேளுங்கள். 2017 மே மாதம் வந்த வானாக்ரையும் ரேன்சம்வேர்தான், ஆனால் புழுவாகப் பரவியது. யாரும் எதையும் கிளிக் செய்யவில்லை. விண்டோஸில் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாக ஒரு அலுவலகத்தில் ஒரு கணினியில் நுழைந்து, மற்றவற்றுக்குத் தானாகத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். படப்பெட்டியைப் பிடித்தது புழுவாக இருந்தால் இப்போது வீட்டில் உள்ள எல்லாக் கணினியையும் நாம் சந்தேகிக்க வேண்டும். இது டிரோஜன் வழியில் வந்தது. அதனால் வீட்டில் இன்னொரு மடிக்கணினி இருந்தால் அதற்கு இது தானாகத் தாவாது, ஆனால் அந்த மடிக்கணினியின் ஃபோல்டர் ஏதாவது இதில் பகிரப்பட்டிருந்தால் அதையும் பூட்டியிருக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்று தெரியும்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா · 9:20

இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கலாம். நன்றாகப் புரிந்தது.

மீட்பு_நிபுணர்_01 · 9:24

100% மீட்டுத் தருகிறேன். 800 வெள்ளி (ரிங்கிட்) மட்டும். வாட்ஸ்அப்பில் வாருங்கள்.

செந்தூல்_மல்லிகை · 9:26

யாரும் போகாதீர்கள். சாவி இல்லாமல் எல்லாப் படத்தையும் திறந்து தருவதாகச் சொல்வது பொய். 2020-இல் இதே ரேன்சம்வேருக்கு மருந்து என்று சொல்லி ஒரு மென்பொருள் வந்தது. இறக்கியவர்களின் பூட்டிய கோப்புகளை அது இரண்டாவது தடவையும் பூட்டியது. அதன் பெயர் ஸோராப்.

படப்பெட்டி_பட்டர்வொர்த் · 9:52

மோடத்தைப் பிடுங்கிவிட்டேன். மறைக்கவில்லை, ஐயா. ஆல்பம் அடுக்கும் மென்பொருள் ஒன்றின் கிராக் நேற்று இறக்கினேன். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்று எழுதியிருந்தது, அணைத்தேன். வெளி டிஸ்க் செருகியபடியே இருந்தது, அதிலும் எல்லாம் போய்விட்டது. கார்டு இரண்டு. இரண்டையும் கேமராவிலேயே ஃபார்மேட் செய்துவிட்டேன். ஒன்றில் வெள்ளிக்கிழமை புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பிறந்தநாள் எடுத்தேன். இன்னொன்று பையில் சும்மா கிடக்கிறது.

சுங்கைப்பட்டாணித்_தம்பி · 9:57

"ஆன்டிவைரஸை அணை" என்று எழுதியிருந்தாலே ஓடிவிட வேண்டும் அண்ணே.

ஜெலுத்தோங்_வாசி · 10:12

பையில் கிடக்கும் அந்தக் கார்டை இப்போதே எடுத்து, இடது ஓரத்தில் இருக்கும் சின்னத் தாழைக் கீழே தள்ளுங்கள். "லாக்" என்று போட்டிருக்கும். இனி அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. பிறந்தநாள் எடுத்த கார்டுக்கும் அதே.

கேமராவில் ஃபார்மேட் செய்தால் பொதுவாகப் படம் உடனே அழிவதில்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் வெறுமையாகும். மேலே புதுப் படம் எழுதும் வரை பழையது அடியில் இருக்கும். போட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. அட்டவணையைப் பார்க்காமல் கார்டை முதலிலிருந்து கடைசி வரை தடவி, படத்தின் தொடக்க அடையாளத்தைக் கண்டுபிடித்து எடுத்துத் தரும். வேறு ஒரு சுத்தமான கணினியில் ஓட்டுங்கள். மீட்டதை வேறு டிஸ்கில் சேமியுங்கள், அதே கார்டில் சேமித்தால் மீட்க வேண்டியதை நீங்களே மூடிவிடுவீர்கள். கோப்பின் பெயர் திரும்பி வராது, எண்களாக வரும்.

வெளி டிஸ்கில் உள்ளதையும் தூக்கிப் போட வேண்டாம். இந்த ரேன்சம்வேர் அவசரக்காரன். ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். 10 மெகாபைட் ஜேபெக்கில் தலைப்பகுதிதான் போயிருக்கும், மீதி அப்படியே உள்ளே கிடக்கும். அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல படம் ஒன்றின் தலைப்பகுதியை ஒட்டவைத்தால் பெரும்பாலும் திறக்கும். மேல் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், நிறம் சில இடத்தில் மாறலாம். வீடியோவுக்கு டிஸ்க்டியூனாவின் மீடியா ரிப்பேர் என்று இலவசமாகவே இருக்கிறது, அதற்கும் அதே கேமராவின் நல்ல வீடியோ ஒன்று மாதிரியாக வேண்டும்.

சாவிக்கு ஒரு வாய்ப்பு பாருங்கள். சி டிரைவில் சிஸ்டம்ஐடி என்ற ஃபோல்டர் இருக்கும், உள்ளே பர்சனல்ஐடி கோப்பு. அதில் உள்ள நீண்ட எழுத்துவரிசை ஆங்கில டி (t) எழுத்தும் 1 என்ற எண்ணுமாக முடிந்தால், உங்கள் படம் பலருக்கும் பொதுவான ஒரே சாவியால் பூட்டப்பட்டது. அப்படியென்றால் எம்சிசாஃப்ட் 2019 அக்டோபரில் வெளியிட்ட இலவசத் திறப்பான் ஒரு நாள் உதவலாம். வேறு எழுத்தில் முடிந்தால் உங்களுக்கென்று தனிச் சாவி, அது பணம் கேட்பவர்கள் கையில்தான் இருக்கிறது. கடைசி இரண்டு எழுத்தைச் சொல்லுங்கள்.

செந்தூல்_மல்லிகை · 10:25

இதை விட அவசரமானது ஒன்று சொல்கிறேன். டிஜேவியூ பெரும்பாலும் தனியாக வருவதில்லை. கூடவே கடவுச்சொல் திருடியும் வரும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொல், லாகின் குக்கி எல்லாவற்றையும் சில நிமிடத்தில் அள்ளி அனுப்பிவிடும். குக்கி கையில் இருந்தால் கடவுச்சொல்லே தேவையில்லை, நீங்கள் உள்ளே நுழைந்தது போலவே நுழைவார்கள்.

உங்கள் கைப்பேசியிலிருந்து, அந்தக் கணினியிலிருந்து அல்ல: முதலில் மின்னஞ்சல், அப்புறம் வங்கி, அப்புறம் பேஸ்புக் பக்கம். கடவுச்சொல்லை மாற்றி, "எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் சில இடங்களில் பழைய குக்கி உயிரோடு இருக்கும். வங்கியில் தெரியாத பரிவர்த்தனை இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கிக்கும் 997-க்கும் போன் அடியுங்கள், அது தேசிய மோசடி எதிர்ப்பு மையம். கணினிச் சம்பவத்துக்கு சைபர்999-இலும் புகார் கொடுக்கலாம்.

உபுண்டு_உலகம் · 10:31

லினக்ஸில் கிராக்கே தேவைப்படாது என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

கப்பளா_பத்தாஸ்_ஸ்டூடியோ · 10:44

சொல்வது எளிது தம்பி. சின்னக் கல்யாணத்துக்கு 1,800 வெள்ளி வாங்கி, உதவியாளுக்கும் வண்டி எண்ணெய்க்கும் கொடுத்தபின் மாதாமாதம் மென்பொருள் சந்தா எப்படிக் கட்டுவது? நாங்கள் எல்லோரும் கிராக்கில்தான் வளர்ந்தோம்.

பழைய_மதர்போர்டு · 10:49

உங்கள் வருமானம் எனக்குப் புரிகிறது. ஆனால் கிராக் இலவசம் அல்ல, விலை அப்புறம் வரும். ஒருவரின் கல்யாணப் படம் உங்களிடம் நம்பி ஒப்படைத்த பொருள். ஆல்பம் அடுக்க இலவச மென்பொருள் எத்தனையோ இருக்கிறது.

கப்பளா_பத்தாஸ்_ஸ்டூடியோ · 10:53

பெயர் சொல்லுங்கள், சும்மா திட்டாதீர்கள்.

பழைய_மதர்போர்டு · 11:05

பக்கம் அடுக்க ஸ்கிரைபஸ், படம் திருத்த கிம்ப், டார்க்டேபிள். மூன்றும் இலவசம், மூன்றையும் அவரவர் தளத்திலிருந்தே இறக்குங்கள். தனி இழை திறந்தால் ஆல்பம் அடுக்கும் முறையை நான் படிப்படியாக எழுதித் தருகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா · 11:12

இதே பேச்சில் ஒன்று. எங்கள் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) ஒன்று வந்தது. நல்லவேளை, என்னிடம் காட்டினார். நிறுவும்போது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது. பத்திரிகைக்கு எதற்கு எஸ்எம்எஸ்? வங்கி அனுப்பும் ரகசிய எண்ணைப் பிடிக்கத்தான். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள், பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், செயலியாக வராது.

படப்பெட்டி_பட்டர்வொர்த் · 12:20

மல்லிகை சொன்னது சரி. பேஸ்புக் பக்கத்தில் அதிகாலை 3 மணிக்கு எனக்குத் தெரியாத நாட்டிலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள். விளம்பரக் கணக்கைத் திறந்து வைத்திருந்தார்கள். எல்லாக் கருவியையும் வெளியேற்றிவிட்டேன். வங்கியில் எதுவும் போகவில்லை. மச்சானின் கணினியில் போட்டோரெக் ஓடுகிறது.

ஜெலுத்தோங்_வாசி · 12:26

நல்லது. பர்சனல்ஐடியின் கடைசி இரண்டு எழுத்து?

ஜெலுத்தோங்_வாசி · திங்கள், மாலை 6:10

படப்பெட்டி, என்ன ஆயிற்று? கார்டில் ஏதாவது வந்ததா?

படப்பெட்டி_பட்டர்வொர்த் · வியாழன், இரவு 11:37

தாமதத்துக்கு மன்னியுங்கள். பையில் கிடந்த கார்டில் எல்லாமே வந்துவிட்டது, 1,140 படம். தாலி கட்டுவது, அம்மி மிதிப்பது எல்லாம் அதில்தான் இருந்தது. பிறந்தநாள் கார்டில் பாதிதான் வந்தது, வரவேற்பில் மேடைப் படங்கள் சில போய்விட்டன. பெண்ணின் அப்பாவிடம் நேரில் போய் உண்மையைச் சொன்னேன். கணினியைச் சுத்தமாகத் துடைத்து விண்டோஸ் புதிதாகப் போட்டாகிவிட்டது, பூட்டிய படங்களைத் தனி டிஸ்கில் வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. ஆல்பம் வேலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

ஜெலுத்தோங்_வாசி · வியாழன், இரவு 11:52

மிக்க மகிழ்ச்சி. துடைப்பதற்கு முன்னால் அந்த ஐடி கோப்பை எடுத்து வைத்தீர்களா? இல்லையென்றால் கவலை வேண்டாம், ரீட்மீ குறிப்பின் கடைசியிலும் அதே ஐடி இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.