பொறியாளர் என்ற பெயரில் 14 மணி நேர வேலை: மிகைநேர ஊதியம் கேட்க முடியுமா?

கேள்வி – திருமங்கலத்துக்காரன்

கப்பலூர்ப் பக்கம் ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு மாதங்களாக வேலை பார்க்கிறேன். பணி ஆணையில் ‘உற்பத்திப் பொறியாளர்’ என்று இருக்கிறது. சம்பளம் மாதம் 22,000 ரூபாய். காலை 6 மணி ஷிப்டுக்கு உள்ளே போகிறேன். 2 மணிக்கு ஆபரேட்டர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனிப் பேருந்து கிளம்பிவிடும். அடுத்த ஷிப்டில் ஆள் குறைவு என்று சொல்லி, இரவு 8 மணி வரை என்னையே ரப்பரை அச்சில் அழுத்தி வார்க்கும் பிரஸ் இயந்திரத்தின் முன் நிறுத்துகிறார்கள். 170 டிகிரிச் சூட்டில் இருக்கும் மோல்டை, அதாவது அச்சைத் திறந்து, பித்தளைக் கம்பியால் சீல்களை (கசிவைத் தடுக்கும் ரப்பர் பாகங்களை) பெயர்த்தெடுப்பதுதான் அந்த வேலை. கையுறை அணிந்தும் முன்கையில் வரிசையாகத் தழும்புகள் விழுந்திருக்கின்றன. ஆபரேட்டருக்கு மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம். எனக்கு ஒரு டீயும் வடையும். ‘ஸ்டாஃப்’ வெளியேறும்போது விரல்பதிவு வைக்க வேண்டாம் என்பது இங்கே விதி. நான் ஏதாவது கேட்க வழியுண்டா?

மறுமொழி – வைகைக்கரை

தொழிலாளர் வழக்குகளைக் கவனித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒருவர் தொழிலாளரா இல்லையா என்பதை நீதிமன்றங்கள் பதவிப் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை. அவர் முதன்மையாக என்ன வேலை செய்கிறார் என்றுதான் பார்க்கின்றன. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் மேற்பார்வை வேலைக்குத்தான் சம்பள வரம்பு இருந்தது. தொழில்நுட்ப வேலைக்கு இல்லை. இப்போதைய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் அதே வழியில் சென்று, மேற்பார்வையாளருக்கான வரம்பை 18,000 ரூபாய் என்று வைத்திருக்கிறது. உங்கள் நிர்வாகம் உங்களை மேற்பார்வையாளர் என்று காட்டினால் 22,000 ரூபாய் வாங்கும் நீங்கள் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்கு வெளியே நிற்பீர்கள். நாள் முழுக்க பிரஸ் ஓட்டுகிறீர்கள் என்று நிறுவினால் உள்ளே வருவீர்கள். ஆகவே யாருக்கு விடுப்பு கொடுக்க, யார் மீது நடவடிக்கை எடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. ஷிப்டு அறிக்கைகளில் உங்கள் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

மறுமொழி – ஓய்வுபெற்றவன்

தம்பி, நான் இருபத்தாறு ஆண்டுகள் ஷாப் ஃப்ளோரில், அதாவது இயந்திரங்கள் ஓடும் கூடத்தில் கழித்தவன். மேற்பார்வைப் பதவியில் இருப்பவர்களை வேலைநேர விதிகளிலிருந்து விலக்க 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே 64ஆம் பிரிவில் இடம் கொடுத்தது. நிர்வாகங்கள் நெடுங்காலமாக ஒதுங்கும் நிழல் அது. முதல் ஆண்டில் பிரஸ்ஸில் நின்று பழகுவது தவறில்லை, நானும் நின்றிருக்கிறேன். பழகுவது வேறு, ஆள் பற்றாக்குறைக்கு மாற்றாக நிற்பது வேறு. வழக்கு என்று கிளம்புவதற்கு முன், எந்தெந்த நாள் எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்று மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதி, அதற்கு ஈடாக விடுப்பு கேளுங்கள். பதில் வராவிட்டாலும் அந்தக் கடிதம் இருக்கும்.

மறுமொழி – மேலூர் வாசகர்

‘இடையில் வேலையை விட்டால் இவ்வளவு பணம் தருகிறேன்’ என்று நிர்வாகத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் பயப்பட வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி அதிலுள்ள தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீட்டுக்கு மேல் அவர்களால் பெற முடியாது.

திருமங்கலத்துக்காரன்

அனைவருக்கும் நன்றி. வைகைக்கரை ஐயா சொன்னபடி அறிக்கையைப் பார்த்தேன். 2 மணிக்கு மேல் ‘இயக்கியவர்’ கட்டத்தில், அன்று வராத ஆபரேட்டரின் டோக்கன் எண்ணைத்தான் எழுதி வந்திருக்கிறேன். அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

ஓய்வுபெற்றவன்

அதை இன்றைக்கே நிறுத்துங்கள். 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் என்பதால் உங்களுக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு கிடையாது. நாளை மோல்டுக்குள் விரல் சிக்கினால் இழப்பீட்டை நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும். அப்போது நீங்களே எழுதிய தாள் அந்த நேரத்தில் பிரஸ்ஸில் நின்றது வேறொருவர் என்று சொல்லும். மிகைநேர ஊதியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள்.