பத்மநாபபுரம் அரண்மனையா, நெல்லை அறிவியல் மையமா? தொடக்கப்பள்ளிச் சுற்றுலா

தக்கலைக்காரன்:
நேற்று நம்ம பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "சின்னப் பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போறது வீண். எதையும் தொட விடமாட்டாங்க. ஷூவைக் கழற்றி மாட்டுறதுலயே பாதி நேரம் போயிடும். திருநெல்வேலி அறிவியல் மையத்துக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் வேறு. எனக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 1795 வரைக்கும் திருவிதாங்கூருக்கே தலைநகராக இருந்த இடம் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில், நம் வாசலில் இருக்கிறது. அதன் பூமுகத்து, அதாவது முகப்பு மண்டபத்து, மேற்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று போல இன்னொன்று கிடையாது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் "ஒரே மாதிரி ரெண்டு பூ கண்டுபிடி பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள், அண்ணாந்த கழுத்தை இறக்காது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஷூவாம் ஷூ.

தோவாளை டீச்சர்:
எழுந்து பேசியது நான்தான், அண்ணே. "ஒருவர்" என்று மறைத்து எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஒன்றாம் வகுப்பில் 40 பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே கறுப்பு ஷூ, ஏறக்குறைய ஒரே அளவு. லேஸ் கட்டத் தெரிந்த பிள்ளை வகுப்பில் அபூர்வம். அரண்மனைக்குள் போக எல்லாரும் கழற்ற வேண்டும், வெளியே வந்ததும் எல்லாரும் மாட்ட வேண்டும். குனிந்து குனிந்து கட்டிவிடுவது நாங்கள் இரண்டு டீச்சர்கள். கூட்டத்தில் உட்கார்ந்து பெருமை பேசுகிற யாரும் அன்றைக்கு வரப்போவதில்லை.

தக்கலைக்காரன்:
ஷூ ஒரு காரணமா டீச்சர்? அன்று ஒரு நாள் செருப்பு போட்டு வரச் சொல்லுங்கள். வேலை முடிந்தது.

தோவாளை டீச்சர்:
சுற்றுலாவுக்குச் சீருடை, ஷூ கட்டாயம் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. நீங்கள் படிக்கவில்லை போல.

குழித்துறை வேன்:
நான் ஓட்டுகிறவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி போக வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும், திரும்பி வர அதே தூரம். நாகர்கோவில் தாண்டுவதற்குள் முன் சீட்டில் ஒரு பிள்ளை வாந்தி எடுக்கும், அந்த வாடைக்குப் பின் சீட்டில் நாலு பிள்ளை எடுக்கும். புளிப்பு மிட்டாயும் பாலித்தீன் பையும் இல்லாமல் எந்த டீச்சரும் ஏறாதீர்கள். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் காற்றாலைகளைக் கண்டால் கொஞ்சம் உற்சாகம் வரும், அவ்வளவுதான். அரண்மனை என்றால் அரை மணி நேரத்தில் இறக்கிவிடுவேன்.

கோட்டாறு அப்பா:
தூரம் இருந்தால் இருக்கட்டும். அறிவியல் மையம் 1987-லிருந்து கொக்கிரகுளத்தில் இருக்கிறது, மத்திய அரசின் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமம் நடத்துகிறது. பிள்ளை பொத்தானை அமுக்கலாம், கைப்பிடியைச் சுற்றலாம், எதற்கும் யாரும் அதட்ட மாட்டார்கள். வெளியே பூங்காவில் ஓடலாம். அரண்மனையில் கயிறு கட்டிக் கட்டில் காட்டுவார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கட்டில் எதற்கு? ஷூ விஷயத்திலும் டீச்சர் சொல்வது சரி. முன்பு ஒரு பள்ளியிலிருந்து இப்படித்தான் ஒரு பழைய கட்டடத்துக்குக் கூட்டிப் போனார்கள். என் மகன் வலது காலில் தன் ஷூவும் இடது காலில் எவனுடையதோ ஒன்றுமாக நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அந்த ஒற்றை ஷூ இன்று வரை கிடைக்கவில்லை.

தக்கலைக்காரன்:
கட்டில் எதற்காம்! பல வகை மூலிகை மரங்களை இழைத்துச் செய்த கட்டில் ஐயா அது. ஒற்றைக் கல்லில் பிள்ளை பயப்படுகிற கனத்தில் ஓர் உருண்டை இருக்கிறது, அதைத் தலைக்கு மேலே 101 தடவை தூக்கினவனைத்தான் படையில் சேர்த்தார்கள் என்று அங்கே சொல்வார்கள். எந்தப் பையன் அந்த இடத்தை விட்டு நகருவான்? ஊட்டுப்புரையைப் பாருங்கள், கீழே ஆயிரம் பேர், மாடியில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட கூடம். சத்துணவு வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு அதைக் காட்டினால் ஆயிரம் என்ற எண் என்னவென்று அன்றைக்குத்தான் புரியும். ஷூவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அந்தக் கறுப்புத் தரை கண்ணாடி மாதிரி மின்னும், வெறுங்காலில் மிதித்தால் ஜில்லென்று ஏறும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து இழைத்த தரை அது. அதைக் காலால்தான் பார்க்கணும். ஷூ போட்டுக்கொண்டு போக விட்டால்தான் நான் சண்டை போடுவேன்.

குளச்சல் நூலகன்:
ஒரு நிமிடம். முதலில் குழந்தைகள் அருங்காட்சியகம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முடிவு செய்வோம். 1899-ல் அமெரிக்காவில் புரூக்ளினில் தொடங்கியதுதான் உலகின் முதல் குழந்தைகள் அருங்காட்சியகம். பிள்ளை தொட்டு, எடுத்து, பிரித்துப் பார்த்துக் கற்பதுதான் அதன் அடிப்படை. சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் நம் மாவட்டத்தில் உள்ள…

தோவாளை டீச்சர்:
அதெல்லாம் இருக்கட்டும் சார். 40 ஜோடி ஷூவை யார் பிரிப்பது?

கோட்டாறு அப்பா:
முட்டை வெள்ளைக்கருவாம். அது கைடு சொல்கிற கதை. அத்தனை பெரிய அரண்மனைத் தரைக்கு எத்தனை கோழி வேண்டும்? கணக்குப் போட்டீர்களா?

தக்கலைக்காரன்:
சுண்ணாம்புக் காரையில் முட்டையும் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்தது நம் ஊர்க் கொத்தனார்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த விஷயம். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? ராஜாவுக்குக் கோழிக்கா பஞ்சம்? உங்களுக்குத் தெரியாததெல்லாம் கதையா? இப்படித்தான் ஆண்டு விழாவுக்கு உடை வாங்கும்போதும் வடசேரிக் கடை விலையெல்லாம் பொய் என்றீர்கள். கடைசியில் யார் சொன்ன விலைக்கு வாங்கினோம்?

கோட்டாறு அப்பா:
ஆண்டு விழாக் கணக்கை இன்னும் நீங்கள் யாருக்கும் காட்டவில்லை. அதை நானாக எடுக்கவில்லை, நீங்கள்தான் எடுத்தீர்கள்.

வில்லுக்குறி:
எனக்கு ஒரே வருத்தம். 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அரண்மனை மட்டும் இன்னும் கேரளத் தொல்லியல் துறை கையில். நம் பிள்ளைகள் நம் ஊரில் கேரளாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

தக்கலைக்காரன்:
அதனால் போகவேண்டாமா? அவர்கள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்கள், மரத்தில் ஒரு பூச்சி அரிப்பு காட்டுங்கள். பக்கத்தில் உதயகிரிக் கோட்டையும் இருக்கிறது. குளச்சல் போரில் பிடிபட்டு, அப்புறம் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியாகிப்போன டச்சுப் படைக்காரர் டிலனாயின் கல்லறை அங்கேதான். காலையில் அரண்மனை, மதியம் கோட்டையில் மர நிழலில் கட்டுச்சோறு, நாலு மணிக்குப் பள்ளி. இதைவிட வேறு திட்டம் எதற்கு? நவராத்திரி சமயத்தில் மட்டும் வேண்டாம், சாமி விக்கிரகங்கள் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் நாளில் தக்கலையில் வண்டி நகராது.

தோவாளை டீச்சர்:
மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை அரண்மனையே சாப்பாட்டு இடைவேளைக்கு மூடிவிடுவார்கள், அதையும் சொல்லுங்கள். பன்னிரண்டரைக்கு வெளியே வந்தாக வேண்டும். வந்தால்? ஷூ. பசியோடு 40 பிள்ளைகள், வெயிலில், "டீச்சர் இது என்னுது இல்ல" என்று அழுகை. இதைப் பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

குழித்துறை வேன்:
ஆளுக்கொரு துணிப்பை கொடுத்து, பையில் பெயர் எழுதி, ஷூவைப் போட்டு அவரவர் பிள்ளையே தோளில் மாட்டிக்கொள்ளட்டும். என் வண்டியில் வந்த ஒரு பள்ளியில் அப்படித்தான் செய்தார்கள்.

தக்கலைக்காரன்:
பாருங்கள், வேன் ஓட்டுகிற அண்ணனுக்கு வந்த யோசனை வாத்தியார் வேலை பார்க்கிறவர்களுக்கு வரவில்லை.

தோவாளை டீச்சர்:
பை கிடைத்துவிட்டது, சரி. லேஸ்?

வில்லுக்குறி:
என் வருத்தத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

குளச்சல் நூலகன்:
நான் சொல்ல வந்ததற்கும்.

குழித்துறை வேன்:
இன்னொன்று. பள்ளி அலுவலகத்திலிருந்து எனக்குச் சொன்ன நாள் திங்கட்கிழமை. திங்கட்கிழமை அரண்மனைக்கு வார விடுமுறை. இது யாருக்காவது தெரியுமா?

தக்கலைக்காரன்:
இதைத்தான் சொல்கிறேன்! திங்கட்கிழமை என்று குறித்ததே அரண்மனையைத் தட்டிக் கழிக்கத்தான். ஷூ எல்லாம் சாக்கு. எனக்கு முதலிலேயே தெரியும்.

தோவாளை டீச்சர்:
தேதி குறித்தது தலைமை ஆசிரியர். எதற்கெடுத்தாலும் என்னைத்தான் பார்க்கிறீர்கள். மற்ற நாளெல்லாம் மூன்றாம், நான்காம் வகுப்புக்குத் தேர்வு.

கோட்டாறு அப்பா:
அப்படியென்றால் திங்கட்கிழமை நெல்லைக்குக் கிளம்புவோம், பிரச்சினை தீர்ந்தது.

தக்கலைக்காரன்:
தீரவில்லை. நாளைக்கே தலைமை ஆசிரியரைப் பார்த்து வேறு தேதி கேட்டு எழுதிக் கொடுக்கப் போகிறேன். அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு நானே வந்து ஷூ பார்த்துக்கொள்கிறேன்.

தோவாளை டீச்சர்:
வாருங்கள் அண்ணே. 80 லேஸ் இருக்கிறது.

தக்கலைக்காரன்:
லேஸ் கட்டத் தெரியாத பிள்ளைக்கு லேஸ் ஷூ வாங்கச் சொன்னது யார் டீச்சர்?