சாக்லேட் நிரப்பிய குக்கீயில் சாக்லேட் எவ்வளவு?

மாலைவெயில்:
நடுவில் சாக்லேட் வழியும் குக்கீ பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். எடை அதிகமுள்ள பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பெரும்பாலானவற்றில் மைதா, சர்க்கரை, பாமாயில் மூன்றும்தான் முன்னால் நிற்கும், கோகோ அதற்கப்புறம்தான். உள்ளே இருக்கும் பழுப்புக் குழம்பும் பெரும்பாலும் எண்ணெயில் குழைத்த சர்க்கரைத் தூள், நிறத்துக்கும் மணத்துக்கும் கொஞ்சம் கோகோத் தூள், அவ்வளவுதான். இதைப் பிஸ்கட் என்று நினைத்துப் பிள்ளைகளுக்குத் தினமும் கொடுக்கிறோம், ஆனால் இது மிட்டாய்க் கணக்கில் வர வேண்டியது.

கடலோரம்:
சர்க்கரையை விடுங்கள், பொருள் பட்டியலில் சேர்மானங்களைக் குறிக்கப் போடுகிற அந்த எண்கள்தான் எனக்குப் பயமே. 322, 476, 503... 503 என்பது அமோனியா சம்பந்தப்பட்டதாமே? அதைப் போய் எப்படிக் குழந்தைக்குக் கொடுப்பது?

நெய்தல்:
நான் பேக்கரித் துறையில் இருப்பவன், இந்த எண் பயம் தேவையில்லாதது. 503 அமோனியம் பைகார்பனேட். சூட்டில் முழுசாகச் சிதைந்து வாயுவாகிவிடும், அந்த வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. குக்கீ மெல்லியதாகவும் ஈரமில்லாமலும் இருப்பதால் அமோனியா வெளியே போய்விடும். 500 நம் சமையல் சோடா. 322 லெசித்தின், கலவை பிரியாமல் இருக்கச் சேர்ப்பது, பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது, சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 476 ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்வது, குழம்பு குழாயில் தடையில்லாமல் ஓடுவதற்காகத் துளி சேர்ப்பார்கள்.

பாமாயிலையும் சும்மா திட்டாதீர்கள். மாவும் நிரப்பலும் சேர்ந்தே அடுப்புக்குள் போகிற வகை நிறைய உண்டு. தண்ணீர் கலந்த நிரப்பல் என்றால் ஈரம் மெல்ல மாவுக்குள் இறங்கி குக்கீ நமத்துப்போகும், அதனால் கொழுப்புதான் வேண்டும், அதுவும் சாதாரண வெப்பத்தில் கெட்டியாக நிற்கிற கொழுப்பு. முன்பு அதற்குப் பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் போட்டார்கள், அதில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு இருந்தது. அதை 2023க்குள் ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. பாமாயில் இயல்பாகவே பாதி கெட்டி, ஹைட்ரஜன் ஏற்ற வேண்டியதில்லை.

மாலைவெயில்:
எண்களைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பாமாயிலில் இடிக்கிறது. பாதி கெட்டியாக நிற்கிறதே, ஏன்? அதில் கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற கொழுப்பு, அதனால்தான். டிரான்ஸ் போனது நல்லது, அதற்காக இது ஆரோக்கியம் ஆகிவிடாது.

அதைவிடப் பெரியது சர்க்கரை. 100 கிராமுக்கு 35 கிராம் சர்க்கரை, 500 கலோரிக்குப் பக்கம், இந்த வகைக்கு இது சாதாரணம். 'ஒரு பரிமாறல் 25 கிராம்' என்று போட்டுப் பக்கத்தில் 9 கிராம் சர்க்கரை என்றால் சின்னதாகத் தெரியும். 75 கிராம் பாக்கெட்டைப் பிரித்தால் யார் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துகிறார்கள்? முழுசும் தின்றால் 26 கிராம். ஒரு நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிற பெரியவருக்கே, சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குக் கீழே இருக்கட்டும், முடிந்தால் 25க்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்னப் பிள்ளைக்கு இன்னும் குறைவு. சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப் என்று தனித்தனியாக எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும், கூட்டிப் பார்த்தால்தான் நிலவரம் புரியும்.

கிளிமொழி:
நான் ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மா. அடியோடு தடுத்தால் வேறு வீட்டில் போய் அள்ளித் தின்கிறார்கள். வாரக் கடைசியில் ரெண்டு குக்கீ எடுத்துத் தட்டில் வைத்து, பாக்கெட்டை உள்ளே வைத்துவிடுகிறேன். அளவு தெரிந்து கொடுத்தால் போதாதா?

மாலைவெயில்:
தட்டில் எடுத்து வைப்பது நல்ல வழிதான் அக்கா, நீங்கள் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறீர்கள். ஆனால் அளவை மனக்கட்டுப்பாட்டிடம் மட்டும் விட முடியாது. அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் நடத்தி 2019இல் வந்த ஆய்வில், அதிகம் பதப்படுத்திய உணவை வேண்டியமட்டும் சாப்பிடச் சொன்னபோது, பதப்படுத்தாத உணவைச் சாப்பிட்ட நாட்களைவிட அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். வெறும் 20 பேர்தான், இருந்தும் கவனிக்க வேண்டியது. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, கொழுப்பு அதிகமான பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள். எல்லா இடத்திலும் அது வர வேண்டும்.

நெய்தல்:
முத்திரையை நான் ஏற்கவில்லை. அரை குக்கீ தின்பவனையும் ஒரு பாக்கெட் தின்பவனையும் அது ஒன்றாகப் பயமுறுத்தும். முழுப் பாக்கெட்டின் சர்க்கரையும் கொழுப்பும் முன்பக்கம் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்று கேளுங்கள், துறைக்குள் இருந்துகொண்டே நானும் சேர்ந்து கேட்கிறேன்.