டி டிரைவில் இடம் இருக்கிறது, சி-யோடு சேர்க்க முடியவில்லை

வணக்கம். அக்காவின் லேப்டாப். விண்டோஸ் 11 ஹோம், 256 ஜிபி எஸ்எஸ்டி. திரையில் காட்டுவது வழக்கம்போல 238 தான். கடையிலேயே சி-க்கு 100, மீதி டி-க்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இப்போது சி-யில் 2 ஜிபிகூட இல்லை, போன மாதத்திலிருந்து அப்டேட் ஏறவில்லை. டி-யில் பாதிக்கு மேல் காலி.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி-யை ஷ்ரிங்க் செய்து 50 ஜிபி எடுத்தேன். அது டி-க்கு வலப்பக்கம் போய்க் கறுப்புப் பட்டையாக நிற்கிறது. சி-யில் ரைட் கிளிக் செய்தால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கியே கிடக்கிறது. காலி இடம் சி-யை ஒட்டி வலப்பக்கம் இருந்தால்தான் அது வேலை செய்யும். இங்கே நடுவில் டி மட்டுமல்ல, 750 எம்பி ரெகவரி பார்டிஷன் (விண்டோஸ் பழுதானால் மீட்க உதவும் பகுதி) வேறு நந்தி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

டிஸ்க் கிளீனப் ஓட்டியாயிற்று, ஹைபர்னேஷனை அணைத்தாயிற்று, டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் டி-க்கு மாற்றியாயிற்று. கிடைத்த இடம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பார்டிஷன்களை நகர்த்த உதவும் ஜிபார்டெட் மென்பொருளை யுஎஸ்பியில் போட்டுப் பார்த்தேன். சி-யை வழக்கமான என்டிஎஃப்எஸ் என்று காட்டாமல் பிட்லாக்கர், அதாவது விண்டோஸ் என்கிரிப்ட் செய்த டிரைவ், என்று காட்டியது. கை வைக்காமல் மூடிவிட்டு, செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்தேன். டி-யில் உள்ள போட்டோக்கள் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. பேட்டரி நிற்பதில்லை, எங்கள் பகுதியில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் மணிக்கணக்கில் ஓடும் வேலை என்றால் பயம்.

டி-யை அழித்து, ரீஏஜென்ட்சி டிசேபிள் (விண்டோஸ் ரெகவரியை அணைக்கும் கட்டளை) கொடுத்து ரெகவரியையும் நீக்கி, சி-யை நீட்டிய பிறகு ரெகவரியைக் கடைசியில் புதிதாகப் போடுவதா, அல்லது ஜிபார்டெட்டில் டி, ரெகவரி இரண்டையும் வலப்பக்கம் நகர்த்துவதா: எதில் விண்டோஸ் பூட் ஆகாமல் போகும் ஆபத்து குறைவு?