பண்டிகைக்கு கிஃப்ட்: செலவும் கம்மியா இருக்கணும், குப்பையும் சேரக்கூடாது, என்ன குடுக்கலாம்?

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் வணக்கம். பண்டிகை சீசன் வருது, வீடு, ஆபீஸ்னு நிறைய பேருக்கு கிஃப்ட் குடுக்கணும், பட்ஜெட்டோ ரொம்ப சின்னது. ஏதோ ஒரு ஷோபீஸ், பிளாஸ்டிக் பொம்மைன்னு வாங்கிக் குடுத்து அது கொஞ்ச நாள்லயே குப்பைக்குப் போறத பாக்க மனசு கேக்கல. சரி, சுற்றுச்சூழலுக்கு கெடுதல் இல்லாததா தேடுவோம்னு பாத்தா "ஈக்கோ ஃபிரெண்ட்லி"ன்னு போட்டதெல்லாம் சாதா பொருள விட விலை ஜாஸ்தி. மூங்கில் கப், துணிப்பை இதெல்லாம் நிஜமாவே நல்லதா, இல்ல பேருக்குத்தானா? குழந்தைங்க, பெரியவங்க, கூட வேலை பாக்கறவங்க எல்லாரும் லிஸ்ட்ல இருக்காங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

திண்ணைவாசி:
எதால செஞ்சதுன்னு பாக்கறதுக்கு முன்னாடி, வாங்கறவங்க அத பயன்படுத்துவாங்களான்னு பாருங்க, எனக்கு அதுதான் முதல் கேள்வி. ஜோயல் வால்ட்ஃபோகல்னு ஒரு பொருளாதார நிபுணர் 1993ல இத ஆராய்ஞ்சு எழுதினாரு, கிஃப்ட்டுக்கு ஆன செலவுல பத்துல ஒரு பங்குலேர்ந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் வீணாப் போகுதுன்னு கணக்கு, ஏன்னா வாங்கிக்கறவங்க அந்தப் பொருளுக்கு அவ்ளோ மதிப்பு குடுக்கறதில்ல. அப்படி அலமாரில தூங்கற பொருள் எவ்ளோ பச்சையா இருந்தும் என்ன பிரயோஜனம்.

துணிப்பையும் அப்படித்தான். 2018ல டென்மார்க் சுற்றுச்சூழல் துறை ஆய்வுல, ஒரு பருத்திப் பை சாதா பிளாஸ்டிக் பைக்கு ஈடாகணும்னா பருவநிலை கணக்குல மட்டும் 52 தடவையாவது பயன்படுத்தணும், மத்த பாதிப்பெல்லாம் சேர்த்தா 7100 தடவைன்னு வந்துச்சு. இப்ப எல்லா வீட்லயும் ஒரு குவியல் துணிப்பை கிடக்கு, மேல இன்னொண்ணு வேணாம்.

ஆபீஸ்க்கு சீட்டு குலுக்கிப் போடுங்க. ஆளுக்கு ஒரே ஒரு கிஃப்ட், யாருக்குன்னு சீட்டுல வர்ற பேர் சொல்லும். செலவு அங்கதான் நிஜமா குறையும், ஒரே ஆளுக்கு யோசிச்சு வாங்கறதால பொருளும் சரியா அமையும்.

கத்தரிக்கோல்:
திண்ணைவாசி சகோ, அந்த 7100 பெரும்பாலும் ஓசோன் பாதிப்பு கணக்குலேர்ந்து வந்த நம்பர். பிளாஸ்டிக் பை ஆத்துலயும் கடல்லயும் போய்ச் சேர்ற சேதத்த அந்த ஆய்வு கணக்குலயே எடுக்கல. அதனால துணிப்பையே தப்புன்னு யாரும் எடுத்துக்க வேணாம், இருக்கற பையத் திரும்பத் திரும்ப எடுத்துட்டுப் போகணும், அவ்ளோதான். புதுசா வாங்கிக் குடுக்க வேணாங்கறதுல நானும் உங்க கட்சிதான்.

நான் சொல்ல வந்தது சுத்தற பேப்பர் பத்தி, இத யாருமே கவனிக்கறதில்ல. கடைல வாங்கற பளபள பேப்பர்ல ஃபாயில், பிளாஸ்டிக் பூச்சு, கிளிட்டர்னு இருந்தா அது ரீசைக்கிள் ஆகாது. ஒரு துண்ட கையில கசக்கி விட்டுப் பாருங்க, சுருண்டபடியே இருந்தா பேப்பர், தானா விரிஞ்சுதுன்னா அதுல பிளாஸ்டிக்கோ ஃபாயிலோ இருக்கு. கிளிட்டர்ங்கறது பெரும்பாலும் நுண்பிளாஸ்டிக்தான், ஐரோப்பிய யூனியன் 2023 அக்டோபர்லேர்ந்து உதிரி பிளாஸ்டிக் கிளிட்டர் விக்கறதுக்கே தடை போட்டுட்டாங்க. பழைய துணி, பழைய காலண்டர் தாள், நியூஸ்பேப்பர், ஒரு சணல் கயிறு, இதுல சுத்தினா செலவே இல்ல, டேப்பும் தேவப்படாது, பாக்கவும் அழகா இருக்கும்.

மூங்கில் கப் கேட்டீங்கல்ல, மூங்கிலயே குடைஞ்சு செஞ்சதுன்னா பிரச்சினை இல்ல. ஆனா கலர் கலரா, வழுவழுன்னு "மூங்கில் ஃபைபர்"னு வருதே, அதுல மூங்கில் வெறும் பொடி, அதப் பிடிச்சு வெச்சிருக்கறது மெலமைன் ரெசின்ங்கற பிளாஸ்டிக். மக்காது, ரீசைக்கிளும் ஆகாது, சூடா ஊத்தினா மெலமைனும் ஃபார்மால்டிஹைடுங்கற ரசாயனமும் குடிக்கறதுல கலக்க வாய்ப்பிருக்கு. 2021ல ஐரோப்பால இதுக்குன்னே தனியா சோதனை போட்டு மார்க்கெட்லேர்ந்து எடுக்க வெச்சாங்க. தயவுசெஞ்சு அத குடுக்காதீங்க.

நிலாமுற்றம்:
ஐயோ, அந்த ஃபைபர் கப்பத்தான் லிஸ்ட்ல முதல்ல எழுதி வெச்சிருந்தேன், நல்லவேளை கேட்டேன். சீட்டு குலுக்கற ஐடியாவ ஆபீஸ்ல சொல்றேன். பெரியவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் என்ன பண்றது?

பச்சைக்கொடி:
பெரியவங்களுக்கு செடி குடுங்க அக்கா, வாங்க வேண்டியதே இல்ல, உங்க வீட்ல இருக்கற செடிலேர்ந்தே எடுக்கலாம். ஸ்பைடர் பிளாண்ட்ல தொங்குற குட்டிய வெட்டி தண்ணில போட்டா கொஞ்ச நாள்ல வேர் விட்டுரும், அத ஒரு காலி கண்ணாடி பாட்டில்ல வெச்சுக் குடுத்தா முடிஞ்சுது. இப்பவே வெட்டி வெச்சீங்கன்னாதான் பண்டிகைக்குள்ள வேர் பிடிக்கும், கடைசி நேரத்துக்கு விடாதீங்க. மணி பிளாண்ட்டும் இப்படியே வரும், ஆனா அவங்க வீட்ல பூனை, நாய் இருந்தா வேணாம், கடிச்சா வாயெல்லாம் எரியும், வாந்தி எடுக்கும். ஸ்பைடர் பிளாண்ட் அதுங்களுக்கு விஷமில்ல.

பெரியவங்களுக்கு இன்னொண்ணு, ஆல்பத்துல மங்கிப்போற பழைய போட்டோவெல்லாம் ஸ்கேன் பண்ணி பெருசா பாக்கற மாதிரி அவங்க போன்லயே போட்டுக் குடுங்க. உங்க நேரம்தான் செலவு, ஆனா அத எடுத்து எடுத்துப் பாப்பாங்க.

குழந்தைங்களுக்கு செகண்ட் ஹேண்ட் புத்தகம், மரப் பொம்மை, கட்டைங்க நல்லா இருக்கும். ஒண்ணே ஒண்ணு, ரொம்பப் பழைய பெயிண்ட் அடிச்ச பொம்மைல ஈயம் இருக்கலாம், எதையும் வாய்ல வெக்கற வயசுக் குழந்தைக்கு அது கூடவே கூடாது. கொஞ்சம் பெரிய பசங்கன்னா ஏற்கனவே பேட்டரில ஓடற பொம்மை இருக்கும், அதுக்கு ரீசார்ஜபிள் பேட்டரியும் சார்ஜரும் குடுங்க, நூத்துக்கணக்கான தடவை சார்ஜ் பண்ணலாம். சார்ஜர் விலை தனியா பாத்தா கொஞ்சம் கூடத்தான், ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஒரே கிஃப்ட்டா குடுத்துருங்க. எந்த சைஸ் பேட்டரின்னு மட்டும் அவங்கம்மாகிட்ட முன்னாடியே கேட்டுக்கங்க.